அலைகுடி வாழ்வும் உடல்வழி இலக்கணமும்: பெரும் அந்தமானியர் மொழி

பனி உறைந்த தூந்திர நிலத்தில் கலைமான் மந்தையின் பின்னே அலைந்து திரியும் ஒரு பழங்குடியைக் கற்பனையில் படைக்க முற்படுவோர் அம்மக்களுக்கு முதற்கண் வழங்கும் உடைமை பனியைக் குறிக்கும் எண்ணற்ற சொற்களே ஆகும். வடபுல மக்களுக்குப் பனிக்கு ஐம்பது சொல் உண்டு, நூறு சொல் உண்டு என்னும் செய்தி நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் தடையின்றி உலவி வருகிறது. இதன் தோற்றுவாய் மிக எளியது. ஃபிரான்ஸ் போவாஸ் 1911இல் எஸ்கிமோ மொழி பற்றி எழுதுகையில், தரையிற் கிடக்கும் பனி, விழும் பனி, காற்றில் அடித்துச் செல்லப்படும் பனி, குவிந்த பனி என்னும் நான்கினுக்கும் ஒன்றோடொன்று தொடர்பற்ற சொற்கள் அம்மொழியில் உள்ளன என்று எடுத்துக்காட்டினார். அந்நான்கு சொற்களும் கைமாறுந்தோறும் பெருகிய கதையை லாரா மார்ட்டின் 1986இலும், ஜெஃப்ரி புல்லம் 1989இலும் விரித்துரைத்தனர். தூறல், சாரல், ஆலங்கட்டி மழை, அடைமழை எனத் தமிழன் பகுத்துக் கூறுவதை எவரும் வியப்பதில்லை. பனிநிலத்தான் கூறினால் மட்டும் அது வியப்பாகிவிடுகிறது.

இங்குப் பிழை எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒரு மக்களின் தனித்தன்மையைச் சொற்குவியலில் தேடுவதே பிழை. மொழிக்கு மொழி ஆழ்ந்த வேறுபாடு இருப்பது பெரும்பாலும் இலக்கண அமைப்பில்; அது வெளியாருக்கு எளிதில் புலனாவதில்லை. அந்தமான் தீவுகளின் அலைகுடிகளுள் ஒரு சாராரான பெரும் அந்தமானியரின் மொழி இதற்குத் தக்க சான்று.

கற்பனையும் மக்களும்

அந்தமானியர் தூந்திர மக்களைக் காட்டிலும் நெடுங்காலமாகக் கற்பனைக்கு இரையாகி வந்தவர்கள். மார்க்கோ போலோவின் 13ஆம் நூற்றாண்டுப் பயணக் குறிப்பு இத்தீவினரை நாய்த்தலை உடையவர் என்கிறது. 1890இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸ் புதினம் ஒன்றில் ஆர்தர் கோனன் டாயில், நஞ்சு தோய்ந்த முள்ளை ஊதுகுழலால் எய்து கொல்லும் ஓர் அந்தமானியனைப் படைத்தார். அந்தமானியர் வில்லும் அம்பும் வழங்கியவர்; ஊதுகுழல் அவர்தம் கருவியன்று. மனிதரை உண்போர் என்னும் பழியோ, அவர்களோடு பல்லாண்டு பழகிய ஆங்கிலேய அலுவலர்களாலேயே 19ஆம் நூற்றாண்டில் மறுக்கப்பட்டது. மறுப்பைக் காட்டிலும் புதினமே மிகுதியான வாசகரை அடைந்தது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இம்மக்களை இன்று காண விழைவோர் அடர்காட்டை மட்டும் நினைத்தல் பொருந்தாது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேயர் நகரின் ஃபீனிக்ஸ் பே பகுதி, தண்டனைக் குடியிருப்புக் காலத்தில் பட்டறைகள் இயங்கிய இடமாகும். தீவுகளுக்கிடையே செல்லும் கப்பல்கள் இன்றும் இங்குள்ள துறையிலிருந்தே புறப்படுகின்றன. வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம் எனப் பல மொழிகள் ஒலிக்கும் துறை இது. 2011 கணக்கெடுப்பின்படி இவ்வொன்றியப் பகுதி மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். பெரும் அந்தமானியர்க்கென ஒதுக்கப்பட்ட ஸ்ட்ரெய்ட் தீவுக்குச் செல்லவும் இத்துறையே வாயில். மருத்துவம், கல்வி, அரசுப் பணி ஆகியவற்றின் பொருட்டு அம்மக்கள் நகரத்துக்கும் தீவுக்குமாக வந்துபோகின்றனர். அப்போது அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்தி.

அலைதலின் ஒழுங்கு

பெரும் அந்தமானியர் என்பது ஒரு குடியின் பெயரன்று. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை நிறுவியபோது பெரும் அந்தமான் தீவுத்தொடரில் பத்துக் குடிகள் தத்தம் நிலப்பரப்பில் வாழ்ந்தன. தெற்கே அகா-பேயா, அகா-பலே. நடுவே ஆ-புசிக்வார், ஓகோ-ஜுவோய், அகா-கோல், அகா-கேடே. வடக்கே அகா-ஜெரு, அகா-போ, அகா-கோரா, அகா-சாரி. ஒவ்வொன்றுக்கும் தனிமொழி உண்டு. அண்டைக் குடிகளின் மொழிகள் நெருங்கியும், தொலைவிலுள்ளவை விலகியும் இருந்தன.

இவர்களை நாடோடிகள் எனும்போது, இலக்கின்றித் திரிந்தவர் எனப் பொருள் கொள்ளுதல் கூடாது. ஒவ்வொரு குழுவும் தனக்குரிய நிலத்தின் எல்லைக்குள்ளேயே பருவத்துக்கேற்ப இடம் மாறியது. கடற்கரையில் வாழ்வோர், காட்டினுள் வாழ்வோர் என்னும் பகுப்பும் அவர்களிடம் இருந்தது. கரைவாழ்நர் தோணியில் அடிக்கடி இடம் பெயர்ந்தனர். காட்டுவாழ்நர் மழைக்காலம் முழுதும் ஒரே தங்கலில் இருப்பதுண்டு. தங்கலில் ஒருவர் இறந்தால் அவ்விடத்தை விட்டகன்று, துக்கம் கழிக்கும் காலம் முடிந்த பின்னரே திரும்புவர். எடுத்துச் செல்லும் பொருள்களுள் முதன்மையானது அணையாது காக்கப்பட்ட கொள்ளி. தீயைப் புதிதாக உண்டாக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை என்றே முற்காலப் பதிவுகள் கூறுகின்றன.

1906 முதல் 1908 வரை இத்தீவுகளில் கள ஆய்வு நிகழ்த்திய ராட்கிளிஃப்-பிரவுன், 1922இல் வெளியிட்ட நூலில் அம்மக்களின் காலப் பகுப்பை விளக்கியுள்ளார். மரங்களும் கொடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும் வரிசையே அவர்தம் ஆண்டு. எப்பூவிலிருந்து அப்போது தேன் கிடைக்கிறதோ, எம்மணம் காட்டில் நிறைகிறதோ அதன் பெயரால் குறுங்காலங்கள் சுட்டப்பட்டன. முல்லைக்குக் காரும் மாலையும் உரியன எனப் பொழுதையும் பூவையும் இணைத்துப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இம்முறை அத்துணை அயலாகத் தோன்றாது.

ஆயினும் இவையனைத்தும் சொல்லளவில் நிற்பவை. மூங்கில் பூப்பதற்கும் தேன் எடுப்பதற்கும் பெயர் வைத்தல் எம்மொழிக்கும் இயலும். அந்தமானிய மொழிகளின் அரிய கூறு வேறிடத்தில் உள்ளது.

உடலே அளவுகோல்

அகா-பேயா மொழியில் நன்மையைக் குறிக்கும் சொல் ‘பேரிங’. இதன் முன் சேரும் ஒட்டு எது என்பதைப் பொறுத்துப் பொருள் அமைகிறது. கையைச் சார்ந்த முன்னொட்டுச் சேர்ந்து ‘உன்-பேரிங’ என வந்தால் திறமை உடைமை. கண்ணைச் சார்ந்து ‘இக்-பேரிங’ என்றால் கூரிய பார்வை உடைமை. நாவைச் சார்ந்து ‘அகா-பேரிங’ என்றால் மொழிவன்மை. தலை அல்லது நெஞ்சைச் சார்ந்து ‘ஒத்-பேரிங’ என்றால் நற்பண்பு. குடிப்பெயர்களின் முன்னே வரும் ‘அகா’வும் இந்த நாவொட்டே. அகா-ஜெரு, அகா-போ என்னும் பெயர்களிலேயே வாய் இடம்பெற்றுவிடுகிறது. ஒரு மக்களை வேறுபடுத்துவது அவர் வாய்மொழி என்னும் கருத்து அப்பெயர்களில் பொதிந்துள்ளது எனலாம்.

இம்முன்னொட்டுகள் மனித உடலோடு நின்றுவிடுவதில்லை. மென்மை, வளைவு போன்ற பொருளைத் தரும் ‘யோப்’ என்னும் சொல்லை நோக்குக. மெத்தை, கடற்பஞ்சு போன்ற உருண்டு மெத்தென்ற பொருளுக்குத் தலையொட்டுப் பெற்று ‘ஒத்-யோப்’. வளையும் பிரம்புக்கு நீண்ட பொருள்களுக்குரிய ஒட்டுப் பெற்று ‘ஓதோ-யோப்’. கோல், எழுதுகோல் போன்று கூர்முனை உடையவற்றுக்கு நாவொட்டுப் பெற்று ‘அகா-யோப்’. விழுந்து உளுத்த மரத்துக்கு உறுப்புகளுக்கும் நிமிர்ந்து நிற்பனவற்றுக்கும் உரிய ஒட்டுப் பெற்று ‘அர்-யோப்’. உலகப் பொருள்கள் யாவும் உடலின் ஏதோ ஒரு பகுதியை ஒத்தனவாகக் கொள்ளப்பட்டு இலக்கணத்துக்குள் வருகின்றன.

வடக்கத்திக் குடிகளின் மொழிகள், சிறப்பாக ஜெரு, கலந்து உருவான பிற்காலப் பொதுமொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி, உடல் அதில் ஏழு பகுதிகளாகப் பகுக்கப்படுவதைக் காட்டினார். வாயைச் சார்ந்தன, வெளியுறுப்புகள், விரல் முதலிய நுனியுறுப்புகள், உள்ளுறுப்புகள், கால் சார்ந்தன என இப்பகுப்பு விரிகிறது. குருதி என்று பொதுவாகச் சொல்லி அமைய இயலாது. விரலினின்று கசிவதா, உடலுள்ளே கசிவதா என்பது சொல்லின் வடிவிலேயே வெளிப்பட்டாக வேண்டும். பெயரில் மட்டுமன்றி வினை, பெயரடை, வினையடை ஆகியவற்றிலும் இப்பகுப்பு ஊடுருவி நிற்கிறது.

தமிழரும் உடலைக் கொண்டு உலகை அளந்தவரே. கை தேர்ந்தவன், நாவன்மை, தலைமை, ஆற்றின் வாய், மலையடி போன்ற வழக்குகள் எண்ணிலடங்கா. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைப் பொருள் உணர்த்தும் சொற்களுள் கண், கால், தலை ஆகியவற்றைச் சேர்த்துக் கூறுகிறார். உள்ளத்தைச் சார்ந்தது உண்மை, வாயைச் சார்ந்தது வாய்மை, மெய்யைச் சார்ந்தது மெய்ம்மை எனப் பகுத்துரைக்கும் மரபு, ‘அகா’, ‘ஒத்’ ஆகியவற்றின் பகுப்பை உடனே நினைவூட்டுகிறது. வேறுபாடு யாதெனில், தமிழில் இவை சொல்லாக்கமாகவோ தேய்ந்த உருபாகவோ அமைந்தவை. பேசுவோன் விரும்பினால் தவிர்க்கலாம். அந்தமானிய மொழியில் இப்பகுப்பு எழுவாய்க்கேற்ப வினைமுற்று விகுதி பெறுதல் தமிழில் கட்டாயமாவது போன்றதொரு கட்டாயம்.

மற்றோர் ஒப்புமையும் நோக்கத்தக்கது. அந்தமானிய மொழியில் ‘தலை’ எனத் தனியே சொல்லுதல் இயல்பன்று. என் தலை, பன்றியின் தலை என உடையவரோடு சேர்ந்தே உறுப்புப்பெயர் வரும். பழந்தமிழில் உறவுப்பெயர்கள் இந்நிலையில் இருந்தன. எந்தை, நுந்தை, தந்தை எனவும், யாய், ஞாய், தாய் எனவும் தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாடு சொல்லிலேயே அமைந்திருந்தது. ‘என் தந்தை’ என்று இன்று கூசாமல் சொல்கிறோம்; சங்கப் புலவர் ஒருவர் கேட்டிருப்பின் ‘என் அவன் தந்தை’ எனக் கேட்டது போல் மயங்கியிருப்பார். பிரிக்கலாகா உடைமையைத் தமிழ் உறவில் கண்டது. அந்தமானியம் உடலில் கண்டது.

வாழ்வுமுறை இலக்கணத்தை ஆக்குமா?

நிலையான வீடு இல்லாத அலைகுடிக்கு உடல் ஒன்றே நிலையான இடம். ஆகவேதான் இலக்கணம் உடலை மையமாகக் கொண்டது என்று விளக்கத் தோன்றும். கேட்க இனிதாயினும் இவ்விளக்கம் நிற்காது. தூந்திரத்தின் அலைகுடிகளையே எடுத்துக்கொள்ளலாம். யமால் தீவக்குறையில் கலைமானோடு இடம்பெயரும் நெனெத்சு மக்களின் மொழியில் பெயர்ச்சொல்லே பயனிலையாகி இடம், எண் காட்டும் விகுதி பெறும். நம் குறிப்பு வினைமுற்றை இது ஒக்கும். வடகிழக்குச் சைபீரியாவில் அதே கலைமானைப் பின்தொடரும் சுக்சி மக்களின் மொழியோ செயப்படுபொருளை வினையினுள்ளே அடக்கி ஒரே சொல்லாக்குகிறது. பனியும் மானும் கூடாரமும் ஒன்றே, இலக்கணம் வேறு. ஏழுவகை உடற்பகுப்பு அவ்விரண்டிலும் இல்லை.

அந்தமானிலேயே இதற்குச் சான்றுண்டு. சிற்றந்தமானின் ஓங்கி மக்களும், தென், நடு அந்தமானின் மேற்குக் கரைக் காடுகளில் வாழும் ஜாரவா மக்களும் வேட்டையாடி, மீன்பிடித்து, தேனெடுத்து வாழ்ந்தவர்கள். அவர்தம் மொழிகளிலும் உறுப்புப்பெயர் உடையவரைக் காட்டும் முன்னொட்டோடு வரும். ஆனால் பெரும் அந்தமானியத்தின் விரிந்த பகுப்பு அங்கு இல்லை. இவ்விரண்டையும் வேறொரு மொழிக்குடும்பமாகக் கொள்ளுதற்கு அப்பி காட்டும் காரணங்களுள் இதுவும் ஒன்று. எனவே அலைகுடி வாழ்வு இவ்விலக்கணத்தைத் தந்தது என்பதற்கில்லை. அவ்வாழ்வு குலைந்தபோது இலக்கணமும் குலைந்தது என்பது மட்டும் உறுதியாகத் தெரிகிறது.

பதிவும் இழப்பும்

இம்மொழிகளுக்கு எழுத்துப் பதிவு கிடைத்தது தண்டனைக் குடியிருப்பின் அலுவலர் வழியாகவே. எட்வர்டு ஹொரேசு மேன் அகா-பேயா மொழியில் பெயர்த்த கிறித்தவ வழிபாட்டு உரை ஒன்று, ரிச்சர்டு டெம்பிளின் குறிப்புகளுடன் 1877இல் அச்சாயிற்று. இலத்தீன் இலக்கண வாய்பாட்டுக்குள் இம்மொழி அடங்காமை கண்ட டெம்பிள், புதியதோர் இலக்கணக் கோட்பாட்டையே வகுக்க முற்பட்டார். தென் அந்தமான் குழுவின் மொழிகள் பற்றிய போர்ட்மேனின் நூல் 1898இல் வந்தது. மேனின் அகராதி 1923இல் நூலாகியபோது அம்மொழியைப் பேசுவோர் அநேகமாக இல்லை.

அதே 1877இல் தட்டம்மை பரவிப் பலர் மாண்டதையும் இங்கே இணைத்து நோக்க வேண்டும். 1863இல் ராஸ் தீவில் தொடங்கப்பட்ட ‘அந்தமான் இல்லம்’ போன்ற அமைப்புகள் உணவும் உறைவிடமும் தந்து அலைகுடிகளை ஓரிடத்தில் கூட்டின. கூடிய இடத்தில் தொற்று விரைந்து பரவியது. 1901 கணக்கெடுப்பில் பத்துக் குடிகளிலும் எஞ்சியவர் 625 பேர், 1911இல் 455, 1931இல் 90, 1961இல் 19. மருத்துவமும் அரவணைப்பும் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடு எனினும் அதன் விளைவு இதுவே.

எண்ணிக்கை குறையக் குறைய, எல்லை வகுத்து வாழ்ந்த குடிகள் ஒன்றோடொன்று மணவுறவு கொண்டன. தாய் ஒரு மொழி, தந்தை ஒரு மொழி, அலுவலர் இந்துஸ்தானி என்னும் நிலையில் கலப்பு மொழியொன்று உருவாயிற்று. ஏறத்தாழ 1970இல் எஞ்சியோர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். இந்திய மானிடவியல் அளவீட்டுத் துறை 1989இல் வெளியிட்ட எஸ். மனோகரனின் விளக்க, ஒப்பாய்வு நூல் அக்கலப்பு மொழி வழக்கிலிருந்த காலத்தின் அரிய பதிவாகும். 2004 திசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் தீவினர் போர்ட் பிளேயருக்கு அழைத்து வரப்பட்டனர். 2005இல் அப்பியின் ஆவணப்பணி தொடங்கியபோது சரளமாகப் பேசுவோர் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தனர். 2009 நவம்பரில் கோரா மொழி அறிந்த போரோவும், 2010 சனவரி 26இல் போ மொழியின் கடைசிப் பேச்சாளர் மூத்த போவாவும், 2020 ஏப்ரல் 4இல் சாரி மொழி அறிந்த லிச்சோவும் மறைந்தனர்.

மூத்த போவா இறந்தபோது, 65,000 ஆண்டுப் பழமையான மொழி அழிந்தது என உலகச் செய்தித்தாள்கள் எழுதின. பனிக்கு நூறு சொல் என்னும் கதையின் உறவினம் இது. ஒரு மரபினத்தார் நெடுங்காலம் தனித்து வாழ்ந்திருக்கலாம். மொழி தலைமுறைதோறும் மாறுவது. எழுத்துச் சான்றும் ஒப்பியல் சான்றும் இன்றி ஒரு மொழிக்கு வயது கணிக்க இயலாது. தம் மொழியின் தொன்மை குறித்து உணர்ச்சி வயப்படும் இயல்புடைய நமக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. போ மொழியின் இழப்பு பேரிழப்பாவதற்கு 65,000 என்னும் எண் வேண்டுவதில்லை. தன் மொழியில் மறுமொழி கூற ஒருவருமின்றி மூத்த போவா பறவைகளோடு பேசினார் என அப்பி பதிந்துள்ளார். அந்தமானியர் பறவைகளைத் தம் முன்னோராகக் கருதுபவர்.

2011 கணக்கெடுப்பில் பெரும் அந்தமானியர் 44 பேர். மக்கள்தொகை குறைவது நின்று சற்றே ஏறியுள்ளது. அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் இந்தி வழிக் கற்கின்றனர். மூத்தோர் சொல்லக் கேட்ட பறவை, மீன் பெயர்கள் சில அறிவர். 2012இல் வெளிவந்த அப்பியின் அகராதி பெரும் அந்தமானியச் சொற்களைத் தேவநாகரி எழுத்திலும் தந்திருப்பதால் அவர்களால் அதைப் படிக்க முடியும். 2013இல் அவர்தம் விரிவான இலக்கண நூலும் வந்தது. ஆகவே சொற்கள் ஓரளவு காக்கப்பட்டுவிட்டன. முன்னொட்டுகளின் பட்டியலும் உள்ளது.

பட்டியல் தராத ஒன்றை ‘அகா-யோப்’ காட்டுகிறது. எழுதுகோல் தீவுக்குப் புதிது. அலுவலர் கையோடு வந்த பொருள். அதைக் கண்ட அகா-பேயா பேச்சாளர் எவரோ அதன் கூர்முனையை நோக்கி நாவொட்டுக்கு உரியதென உடனே முடிவு செய்தார், கேட்டவர் ஏற்றனர், மேன் போன்றோர் எழுதிக்கொண்டனர். நெகிழித் தண்ணீர்ப் புட்டியும் கைப்பேசியும் உடலின் எப்பகுதியைச் சாரும் என்பதை அவ்வாறு முடிவு செய்தற்குரியோர் அகா-பேயாவில் ஒருவரும் இல்லை. லிச்சோவின் மறைவுக்குப் பின் ஜெரு அறிந்தோராக மூவரையே அப்பி குறித்தார்.